புதன்கிழமை ஓட்டக்காரன்

“இந்த வாரம் நான் யாருங்க, மிஸ் வெர்னா?”

புதன்கிழமை காலை ஆறேகாலுக்கு என் உடுப்பு அறை ஜன்னல் முன்னால் வந்து நின்று, பதில் தெரிந்திருந்தும், கென்ட்ரெல் பெட்வே இப்படித்தான் கேட்பான். நான் உள்ளேயிருந்து எண் அச்சடித்த சிவப்பு மேலுடுப்பு ஒன்றை எடுத்து நீட்டுவேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்தில் எங்களோடு மோதப்போகிற அணியில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிற நட்சத்திரம் யாரோ, அவருடைய எண் அது. அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டதிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் வரை பெட்வே அந்த ஆளாகிவிடுவான். எங்கள் தடுப்பாளர்கள் துரத்திப் பிடித்துப் பழக ஒரு நகல் வேண்டுமே, அதுதான் அவன் வேலை.

கேட்ட வேலையை விட ஒரு படி கூடவே செய்வான். செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் விடுமுறை. இவன் விடுதி அறையில் படுத்துக்கொண்டு அந்த ஓட்டக்காரரின் பழைய ஆட்டங்களைப் போனில் ஓட்டி ஓட்டிப் பார்ப்பான். ஒருவர் ஓடுவதற்கு முன் கையுறையைப் பல்லால் கடித்து இழுப்பாராம். அந்த வாரம் முழுக்க இவனும் சாப்பாட்டுக் கூடத்தில்கூடக் கையுறையோடு உட்கார்ந்து பல்லால் இழுத்துக்கொண்டிருந்தான். “அந்தக் கண்றாவியெல்லாம் உனக்கு எதுக்குடா?” என்றேன். “ஆளு உள்ள எறங்கணும்னா அவன் கெட்ட பழக்கமும் சேந்துதாங்க எறங்கணும்” என்றான்.

இருபத்திரண்டு வருடமாக இந்த அணியின் சட்டைகளைத் துவைத்து, தலைக்கவசங்களைத் துடைத்து வைக்கிறேன். ஆட்டக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய பக்தி எதுவும் கிடையாது. டிவியில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் காலுறை நாறத்தான் செய்யும். ஆனால் இந்தப் பையன் காலுறையை நேராக்கி, ஜோடி சேர்த்துக் கூடையில் போடுகிறான். அதற்கே அவனுக்கு என் ஓட்டு விழுந்துவிட்டது.

வயது இருபத்திரண்டு. ஊர் அலபாமா. புதுமுகங்களை அணிகள் பெயர் சொல்லி எடுக்கிற மூன்று நாளும் அவன் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்திருக்க, ஒருவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. நாலாம் நாள் எங்களிடமிருந்து ஒரு போன் போனது, பயிற்சிக்கு மட்டும் வா என்று. வாரம் முழுக்க அடி வாங்குவான். சனிக்கிழமை மதியம் சுவரில் ஒட்டுகிற பட்டியலில் பெயர் இல்லையென்றால், ஞாயிறன்று பருத்திக் கால்சட்டையோடு மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுவான். பதினோரு வாரம் அப்படித்தான் நின்றான்.

எங்கள் ஊர்க் குளிர் அவனுக்கு ஆகாது. ஆனாலும் குளிர்கோட்டு வாங்க மாட்டான். மூன்று சட்டை, அதற்கு மேல் இன்னொரு சட்டை என்று மூட்டையாக வருவான். “கோட்டு வாங்கினா அந்த வாரமே அனுப்பிடுவாங்க” என்பது அவன் கணக்கு. விடுதியில் பெட்டியைக்கூடப் பிரித்து அடுக்கவில்லையாம். காலையில் சோளக் கஞ்சியில் மிளகாய்ச் சாறு ஊற்றிச் சாப்பிடுவான். பக்கத்தில் யாராவது கஞ்சியில் சர்க்கரை போட்டால், சாவு வீட்டில் சிரித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். பயிற்சி முடிந்ததும் மூத்தவர்களின் தோள்கவசங்களையும் சுமந்து வருவது அவன்தான். புதியவர்களுக்கு அது விதித்தது. நான்கு பேருடையதைச் சுமந்துகொண்டு கதவை முதுகால் தள்ளித் திறந்து வருவான், ஏதோ பாட்டை முனகியபடி.

அவனை அதிகம் அடிப்பவர் ராங்கின். பதின்மூன்று வருடமாகத் தடுப்பாளர், கழுத்து இருக்கிற இடம் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்து வந்து, “நம்ம புதன்கிழமைக்காரன் முன்னால அந்த ஆளெல்லாம் சும்மாடா. பயல் குடுத்த அடி இன்னும் விலாவுல இருக்கு” என்பார். பெட்வே வெட்கப்பட்டுச் சிரிப்பான். பாராட்டுக்குக் குறைச்சலில்லை. பட்டியலில்தான் பெயர் வரவில்லை.

ஓட்டக்காரர்களின் பயிற்சியாளர் ப்ருயிட்டிடம் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“ஓட எவன் வேணா ஓடுவான் வெர்னா. நம்ம ஆளு பந்தை எறியக் கை ஓங்குற நேரத்துல நூத்திருபது கிலோ மனுஷன் பாஞ்சு வருவான். குறுக்க விழுந்து நிறுத்துவானா இவன்? ஆளு குட்டை வேற.”

அவனுடைய அம்மா ஓர்லீனுக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து வந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல், சித்திகள் மாமாக்கள் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, கோழி பொரித்து டிவி முன் உட்கார்ந்துவிடுவார். பதினோரு வாரத்தில் ஒரே ஒருமுறை பெட்வேயின் முழங்கை திரையில் வந்ததாம். முழங்கையை அடையாளம் கண்டுபிடித்தவள் அவன் பெரிய சித்தி. “அடுத்த வாரம் முகமாவது வருமா?” என்று கேட்பார்களாம். இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான்.

பன்னிரண்டாவது வாரம் இரண்டாம் ஓட்டக்காரருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. சனிக்கிழமைப் பட்டியலில் கடைசி வரி: பெட்வே. எண் முப்பத்தாறு. அவன் பெயரைத் தைத்த சட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எழுத்துப் பிழை இல்லீங்க” என்றான்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு ஆட்டம். இடைவேளை வரை ஒன்றுமில்லை. மூன்றாம் பகுதியில் எங்கள் முதல் ஓட்டக்காரர் ஹோல்கம்ப் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “முப்பத்தாறு! போ!” என்று ப்ருயிட் கத்தினார். பெட்வே ஓடினான். ஓடிப்போய், வாரம் முழுக்கப் பழகிய இடத்தில், பந்தெறிபவருக்கு இடப்பக்கம் இரண்டு எட்டுப் பின்னால் நின்றான். அது எதிரணி ஓட்டக்காரர் நிற்கிற இடம்! பெஞ்சிலிருந்து ராங்கின் எழுந்து நின்று அலறினார்: “டேய், நீ எங்க ஆளுடா! இந்தப் பக்கம் நில்லுடா!” பந்தெறிபவர் அவன் சட்டையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து நிறுத்தினார். நான் கையிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

பந்து பின்னால் பந்தெறிபவர் கைக்கு வந்தது. எதிரணியின் ஐம்பத்தைந்தாம் எண் இடைவெளியைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. பெட்வே பின்வாங்கவில்லை. குனிந்து, அந்த ஆளின் நெஞ்சுக்கடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினான். இரண்டு பேரும் புல்லில் விழுந்தார்கள். பந்து அவர்களுக்கு மேலாகப் பறந்து கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் எங்கள் ஆள் கைகளில் இறங்கியது. அரங்கமே அந்த மூலைக்குத் திரும்பிக் கத்தியது. கேமராக்களும் அங்கேதான் போயின. புல்லில் கிடந்தவனைப் பார்த்தது நானும் ப்ருயிட்டும்தான். அவர் என் பக்கம் திரும்பித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அடுத்த முறைக்கு ஹோல்கம்ப் எழுந்துவிட்டார். பெட்வேக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

ஆட்டம் முடிந்து அழுக்குச் சட்டைகளைப் பொறுக்க உடைமாற்றும் அறைக்குப் போனேன். எல்லோரும் துண்டோடு சிரித்துக் கூத்தடித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் தலைக்கவசத்தின் தாடைப்பட்டை பூட்டியபடி மூலையில் உட்கார்ந்திருந்தான். “முடிஞ்சுபோச்சுடா, கழட்டு” என்று ப்ருயிட் சொல்லிவிட்டுப் போனார். “இருக்கட்டும் கோச்” என்றான். கவசத்தின் காதோட்டையில் போனை அழுத்தி வைத்திருந்தான். ஓர்லீனின் குரல் எனக்கே கேட்டது.

“உன் கையில பந்தையே குடுக்கலையேடா! ஒரே ஒரு தரம் உள்ள விட்டாங்க, அதுலயும் நீ குப்புற விழுந்து கெடந்த!”

“அம்மா, ரிமோட்ட எடு. பின்னால ஓட்டு. இன்னும் பின்னால. இப்ப பந்தைப் பாக்காத. எறியறவர் காலுக்கிட்ட பாரு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். சட்டைக் கூடையோடு நானும் நகராமல் நின்றேன். பிறகு போனுக்குள் ஒரு பெண் வீறிட்டாள், பின்னாலேயே வீடு முழுக்கக் கத்தியது.

“அம்மாடி, அம்பத்தஞ்ச மல்லாத்திட்டான்டீ என் புள்ள! மறுபடி போடு, மறுபடி போடு!”

பெட்வே மோவாய்க்கடியில் கையை விட்டு ஒரு பொத்தானைக் கழற்றினான், பிறகு மற்றதை. தலைக்கவசத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, போனை வெறுங்காதில் வைத்துக்கொண்டான்.