பொன்னாத்தாள் அக்கா எடுத்த டிக்

இருபது வருடம் பனியன் கம்பெனியில் டேமேஜ் பீஸைப் பொறுக்கி மார்க் போடும் செக்கிங் வேலை பார்த்த பொன்னாத்தாள் அக்காவை, 2006இல் ஆபீஸ் மெயில் பார்க்க உட்கார வைத்தார்கள். மெயிலோ திறக்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்டது. கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு மூன்று முறை வந்த பூபாலன் ஒயரை மாற்றினான், தூசி ஊதினான், போனான். அக்கா எப்படித் தட்டுகிறார் என்று ஒரு தடவை பார்த்தானா? இல்லை.

நான்காம் முறைதான் பார்த்தான். 'பாஸ்வேர்டை நினைவில் வை' என்ற கட்டத்தில் இருந்த டிக்கை அக்காவே எடுத்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, அதை எதுக்கு எடுக்கறீங்க?"

"டேமேஜ் பீசுக்குத்தான கண்ணு மார்க் போடுவோம்? பாஸ்வேர்டு நல்லாத்தான இருக்குது!"

பூபாலன் விளக்கியதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மொத நாளே பாத்திருக்க வேண்டாமா?" என்றபடி, டேமேஜுக்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரை உரித்து அவன் சட்டையில் ஒட்டினார்.