காதர் பாய் தானாக நிற்கவில்லை

தருமபுரி ஜவுளிக் கடையில் புதுத் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறிய நேரம், பக்கத்தில் நின்ற எங்கள் ஊர் மேலத்தெருக்காரர், “பஸ் வந்ததும் குதிர வண்டி யாவாரிங்க தானா நின்னுட்டாங்க” என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பஸ் வருவதற்கு முன்பெல்லாம், வாரந்தோறும் குதிரையின் சலங்கை கேட்டதும் காலனிப் பெண்கள் நாங்கள் ஓடுவோம். டவுன் கடையில் எங்களை எட்ட நிறுத்தித் துணியைத் தூக்கிப் போடுவார்கள். குதிரை வண்டியில் துணி விற்க வரும் காதர் பாயோ வண்டித் தட்டில் பூப்போட்ட சீட்டித் துணியை விரித்து, “தொட்டுப் பாருங்கம்மா” என்பார். நாங்கள் அந்த வழவழப்பைத் தடவித் தடவி, பல நாள் வாங்காமலே திரும்புவோம்.

“அவளுங்க தொட்டத எங்க வூட்டுப் பொம்பளைங்க கட்டறதா? இனி அங்க போவாத பாய்” என்று ஒருநாள் மேலத்தெருவில் வண்டியை மறித்துச் சொன்னார் ஊர்ப் பெரியதனக்காரர்.

அடுத்த வாரமும் பாய் எங்களிடம்தான் வந்தார். மேலத்தெரு ஆட்கள் பின்னாலேயே வந்து, குதிரையை அவிழ்த்து விரட்டிவிட்டு, வண்டியை ஏரிச் சேற்றில் கவிழ்த்தார்கள்.

அம்மா முதலில் சேற்றில் இறங்கினாள். “நாங்க தொட்டா தீட்டு. இப்ப நீங்க பண்ணது என்னாங்க?” என்று கத்தினாள். நாங்களும் இறங்கித் துணிகளை அள்ளி ஏரித் தண்ணீரில் அலசினோம்.

அலசிக் கொடுத்த துணிகளைப் பாய் வாங்கவில்லை. “நீங்களே கட்டிக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தேடிப் போனார். அதன்பின் அவர் வரவே இல்லை.

சேற்றுக் கறை போகாத அதே சீட்டியில் பாவாடையும் ரவிக்கையும் தைத்துப் போட்டுக்கொண்டு, நாங்கள் அத்தனை பேரும் மேலத்தெரு நடுவிலேயே நடந்து சந்தைக்குப் போனோம்.