ஃபஹாஹீல் பஸ்ஸில் ஒரு பெண் கேட்பு

சூரியனே ஏ.சி. தேடி அலைந்த இன்றைய வளைகுடா வெயிலில் ஃபஹாஹீலில் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஸ்ரீ, மங்காஃபில் எங்கள் மேல் வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்.

அவள் கையில் வீடியோ கால். திரையில் ஜாவாவில் அவள் வீடு. பாயில் விருந்தாளிகள், நடுவில் பலகாரத் தட்டுகள், ஓரத்தில் தலைகுனிந்த மகள்.

"என்னம்மா விசேஷம்?" என்றேன், என் உலகப் புகழ்பெற்ற அரைகுறை அரபியில்.

"மாஃபி, விசேஷம் ஒண்ணும் இல்லை, பாபா. பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. அவளுக்குப் பதினாறுதான், படிக்கிறா. எங்க ஊர்ல விருந்தாளிகிட்ட நேரா 'வேண்டாம்'னு சொல்லக் கூடாது. போன மாசம் 'இன்னும் நேரம் வரலை'ன்னேன். இப்போ நேரம் வந்துடுச்சாம், தட்டோட வந்துட்டாங்க."

"பேசாம இருந்துடேன்!"

"பேசாம இருந்தா சம்மதம்னு ஆயிடும்."

திரைக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் போனை இன்னும் அருகே பிடித்தான். எல்லோரும் இவளையே பார்த்தார்கள். மங்காஃப் ஸ்டாப் வந்தது, போனது. நாங்கள் இறங்கவில்லை. என் நெஞ்சு அடித்த அடியில் பஸ் எஞ்சினே வெட்கப்பட்டிருக்கும்.

ஸ்ரீ பணிவாகச் சிரித்தாள். பிறகு ஒரே சொல்.

"திடாக்."

அவர்கள் மொழியில் 'முடியாது'. பாயில் ஒருவரும் அசையவில்லை. மகள் மட்டும் நிமிர்ந்தாள். அழைப்பு துண்டானது.

"வந்தவங்களை அவமானப்படுத்திட்டேனா, பாபா?" என்றாள் ஸ்ரீ, போனை மடியில் கவிழ்த்தபடி.

"ஆமா. நல்லாவே."

பஜ்ஜி, சொஜ்ஜி தின்றுவிட்டு நேருக்கு நேர் "முடியாது" என்றவர்கள் நம்மில் யார் யார்? கை தூக்குங்கள். "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று நழுவியவர்கள் ஓரமாக நில்லுங்கள். அடியேன் அங்கேதான் நிற்கிறேன்.