நாலு மாடி வீடும் என் சீர்ப்பசுவும்

எங்கள் வீட்டுக்கு எதிரே நாலு மாடிக் கட்டடம் எழும்பிய காலத்தில் தெருவில் பாதிப் பேருக்குக் கழுத்து வலி. வேலைக்குப் போகும்போது ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பார்கள், திரும்பும்போது இன்னொரு தரம். வேலம்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து பார்த்தவர்களும் உண்டு. அறுபதுகளில் எங்கள் பக்கம் ஓட்டு வீடுகளும் பனியன் கம்பெனிகளின் தகரக் கொட்டகைகளும்தான். அதற்கு நடுவே மாடிமேல் மாடி என்றால் பார்க்கத்தானே செய்வார்கள்?

நான் மட்டும் எரிச்சலோடு பார்த்தேன். அந்த மனை காலியாகக் கிடந்தவரைக்கும் என் பசு மேய்ந்த இடம் அது. கல்யாணத்தின்போது வெள்ளகோவில் பக்கமிருந்து என் அப்பா சீராக ஓட்டி அனுப்பிய காங்கேயம் பசு. நகைநட்டெல்லாம் மாமியாரின் பெட்டிக்குள் போய்விட்டது. எனக்கென்று புகுந்த வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். அஸ்திவாரம் தோண்டிய அன்றே மாமியார் சொல்லிவிட்டார்.

"இனி மேய்க்க எடமில்லீ கண்ணு. சோளத்தட்டு வெல குடுத்து வாங்கி மாடு வளத்த நம்மனால ஆகாது. கட்டடம் முடியட்டும், மாட்டு யாவாரிகிட்டத் தள்ளி உட்றலாம்."

நியாயமான பேச்சுதான். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை வெட்டுவதில் காட்டும் வேகத்தைப் பேச்சில் காட்ட மாட்டார். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே, "பாக்கலாம், பாக்கலாம்" என்றே காலம் தள்ளினார். ஆகவே ஒவ்வொரு தளமாகக் கான்கிரீட் போடும்போதும் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணுவேன். மழை வந்து வேலை நின்றால் அன்றைக்குப் பசுவுக்குக் கூடுதலாக ஒரு கை தவிடு வைப்பேன்.

மழை எத்தனை நாள் கைகொடுக்கும்? கட்டடம் முடிந்துவிட்டது. முதலாளி அவிநாசிப் பக்கத்துத் தோட்டங்காட்டு விவசாயி, பனியன் தொழிலுக்கு வந்து நன்றாக வந்தவர். கீழே மூன்று தளமும் கம்பெனி, உச்சியில் அவர்கள் குடியிருக்க வீடு. கிரகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும் வேண்டுமே. சுற்றிலும் தேடியிருக்கிறார்கள். காலி மனைகளெல்லாம் கம்பெனியாகிவிட்ட தெருக்களில் பால் மாடு ஏது? கடைசியில், என் பசு கன்று போட்டிருப்பது தெரிந்து, வெற்றிலை பாக்குத் தட்டோடு முதலாளியே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"அதுக்கென்னங்க, நம்ம மாடு உங்க மாடுதானுங்க" என்று மாமியார் உருகிவிட்டார். அடுத்த சந்தை கழிந்ததும் வரும்படி வியாபாரிக்குச் சொல்லி அனுப்பிய அதே வாய்.

விழாவன்று ஐயர், மாடு தெருவாசலில் கால் வைத்தால் போதும் என்றார். முதலாளியின் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"அடுப்பு மேல எரியறப்ப லட்சுமி கீழயே நின்னுட்டா எப்புடீங்க சாமி? ஊடு இருக்கற எடத்துக்குத்தானுங்க மாடு வரோணும்."

ஐயர் வழிவிட்டார். கன்றை ஒருவர் தூக்கிக்கொண்டு முன்னால் ஏற, மஞ்சளும் குங்குமமும் கழுத்தில் மாலையுமாகப் பசு பின்னாலேயே படியேறியது. நாலாவது தளத்தில், புது வீட்டுக் கூடத்தின் நட்டநடுவில் சாணி போட்டது. கூடியிருந்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விருந்து முடிந்து இறக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏறத் தெரிந்த மாட்டுக்கு இறங்கத் தெரியவில்லை. முதல் படியைக் குனிந்து பார்த்துவிட்டு நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. கன்றைக் கீழே கொண்டுபோய்க் கத்த விட்டார்கள். பதிலுக்குக் கத்தியதே தவிர நகரவில்லை. கண்ணைக் கட்டினார்கள், வாலை முறுக்கினார்கள். விருந்துக்கு வந்திருந்த பனியன் மெசின்காரர்களில் ஆளுக்கொரு யோசனை. கப்பி போட்டு இறக்கலாம் என்ற கொத்தனாரை நான் ஒரு பார்வை பார்த்தேன், அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். முடிவில் கன்றையும் மேலேயே கொண்டுபோய், இரண்டையும் மொட்டை மாடியில் கட்டினார்கள்.

அந்த வாரம் முழுக்கத் தெருவில் பேச்சே வேறில்லை. கட்டடத்தைப் பார்க்க வந்த கூட்டம் போய், கட்டடத்தின் மேல் நிற்கும் மாட்டைப் பார்க்கக் கூட்டம் வந்தது. நானும் மாமியாரும் காலையிலும் மாலையிலும் சோளத்தட்டும் தண்ணீருமாக ஏறினோம். முழங்கால் வலி என்று கோயில் படிகூட ஏறாதவர், பால் கறக்க நாலு மாடி ஏறினார். எனக்குச் சிரிப்பாக வரும், அடக்கிக்கொள்வேன்.

சந்தை முடிந்து வியாபாரியும் வந்து சேர்ந்தார். "மாடு எங்கீங்க?" என்றார். நான் கையை மேலே காட்டினேன். அண்ணாந்து பார்த்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எறங்குனாச் சொல்லி உடுங்க" என்று நடையைக் கட்டினார்.

மறுநாள் நான் தண்ணீர்க் குடத்தோடு ஏறியபோது மாமியார் எனக்கு முன்பே மேலே இருந்தார். ஆளில்லை என்ற நினைப்பில் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"எறங்குனா உன்ற கயித்த ஆருகிட்டயோ குடுத்துப்போடுவேன்னுதானே நிக்கற? எனக்குத் தெரியாதா சாமி?"

குடத்தைச் சத்தமில்லாமல் படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வழி கண்டுபிடித்தவர், கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியை வாங்கி விற்கும் பாய். மாட்டுக்குப் படி கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றார் அவர். படிகளின்மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, சாரப் பலகைகளைச் சரிவாகப் போட்டு, குளம்பு வழுக்காமலிருக்கத் தன் கிடங்கிலிருந்து பனியன் துண்டுத்துணிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து பரப்பினார். பசு மோந்து பார்த்தது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல, கன்றின் பின்னால் வெள்ளைத் துணிமேல் மெல்ல மெல்ல நடந்து தெருவுக்கு வந்துவிட்டது.

கீழே முதலாளியின் அம்மா கைகூப்பி நின்றிருந்தார்.

"ஏறி வந்த லட்சுமி எங்கூட்ட உட்டு எறங்க மாட்டேன்னு நின்னுருச்சுங்க. இந்த மாட்ட எங்களுக்கே குடுத்துருங்க. என்ன வெலையானாலுஞ் செரீங்க."

வியாபாரியிடமாவது விலை படியாமல் போகக்கூடும், இங்கே அதற்கும் வழியில்லை. மாமியாரின் முகத்தையே பார்த்தேன்.

"நல்லாக் கேட்டீங்க போங்க" என்றார் மாமியார். "ஆனா இது என்ற மாடில்லீங்க. என்ற மருமவளோட மாடு. கேக்கறதுன்னா அவகிட்டக் கேளுங்க."

கூடியிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினாறு ஊருக்குக் கேட்கப் பேசுகிற நான் தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தோட்டத்திலிருந்து சோளத்தட்டு வண்டியில் வந்து இறங்கும் என்றார். பதிலுக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு லட்சுமி தங்கள் வீட்டுக்கு வந்துபோக வேண்டுமாம்.

"வாசல் வரைக்குந்தானுங்க" என்றேன் நான்.

கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு மாமியார் கன்றை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.