பதினெட்டு கிலோமீட்டர் மேகம்

கொளஞ்சிநாதனுக்கு வயது 51. விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் பக்கம் போகும் தனியார் பஸ்ஸில் இருபத்து நான்கு வருடமாகக் கண்டக்டர்.

2023 ஆகஸ்ட் 14-இல் அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. விருத்தாசலம் பீங்கான் கம்பெனித் தொழிலாளி இராஜமாணிக்கத்தின் மகள் வெண்மதி சென்னையில் மேகங்களை ஆராய்கிறவள். வெயில் நேரத்தில் பஞ்சுப்பொதியாக எழும் மேகத்துக்குள் காற்று என்ன வேகத்தில் மேலே ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டிருந்தாள். நிஜ மேகமும் அப்படித்தான் ஏறுகிறதா என்று பார்க்க, கம்பெனி மாடியில் கேமரா வைத்தாள். மேகத்தின் உச்சி எழுவது கேமராவில் தெரியும். மேகம் எத்தனை தூரத்தில் நிற்கிறது என்பது தெரியாது. தூரம் தெரியாமல் வேகத்தைக் கணக்கிட முடியாது. உச்சிவேளையில் மேகத்தின் நிழல் அதற்கு நேர் கீழே விழும்; அந்த இடத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

கொளஞ்சிநாதன் ஒத்துக்கொண்டார். நிழல் விழுந்த இடம், நேரம், தூரம் மூன்றையும் நோட்டில் எழுதினார். அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை வரை 31 மேகங்கள்.

கணக்கு ஒட்டவில்லை. ஏரிக்கரை ஸ்டாப்பில் நிழல் விழுந்த மேகம் நொடிக்கு நான்கு மீட்டர் ஏறும் என்றது கம்ப்யூட்டர். நோட்டுத் தூரத்தை வைத்துப் போட்டால் ஆறு மீட்டர் வந்தது.

"திங்கட்கிழமைக்குள்ள காரணம் தெரியலன்னா நோட்ட விட்டுடச் சொல்லிட்டாங்கண்ணே எங்க புரொபசர்" என்றாள் வெண்மதி, போனில்.

"நான் தப்பா எழுதலம்மா. ஏரிக்கரை பதினெட்டு கிலோமீட்டர். டிக்கெட்டு போடுற ஸ்டேஜ் தூரமே அதான்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் தனக்கோடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன்யா, மேகமும் நம்ம பஸ்ஸு மாதிரி மூணு ஊரு சுத்தி ஆள ஏத்திக்கினா வருது?"

அது போனில் வெண்மதிக்கும் கேட்டது.

"அண்ணே, நேரா போனா எவ்வளவு?"

"நேரா எவன் போனான்? நடுவுல வயக்காடு."

செல்போன் மேப்பில் அளந்தார்கள். பன்னிரண்டு. அதை வைத்துப் போட்டதும் ஆறு மீட்டர் நான்காக இறங்கியது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மற்ற இடங்களுக்கு நேர்த்தூரம் எடுத்தார்கள். 26 மேகங்கள் ஒட்டின. ஐந்து மட்டும் அப்போதும் கம்ப்யூட்டரை விட வேகமாகவே ஏறின. திங்கட்கிழமை புரொபசர் நோட்டை ஏற்றுக்கொண்டார்.

"அந்த அஞ்சு ஏம்மா அப்படி?"

"தெரியலண்ணே. கம்ப்யூட்டருக்கு நாங்க சொல்லாம விட்டது ஏதோ இருக்குது. தரையில ஈரமோ என்னமோ."

அந்த ஐந்து மேகங்கள் எழுந்த நாட்களில் அந்தந்த இடத்து வயலில் தண்ணீர் நின்றதா, முந்தின நாள் மழை பெய்ததா என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் கொளஞ்சிநாதன் விசாரித்து வருகிறார். இதுவரை மூன்று தேதிக்கு விவரம் கிடைத்திருக்கிறது.