அண்ணியின் முட்டி

எங்கள் அண்ணிக்குத் தெருவில் வைத்த பெயர் வாத்து. அந்தப் பெயரைச் சொன்னால்தான் எங்கள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர்கூடக் கீழே நின்றுகொண்டு, "வாத்தக்கா வீட்ல இருக்காங்களா?" என்றுதான் கத்துவார். அண்ணிக்கு அதில் கோபமே கிடையாது. கோபமெல்லாம் எனக்குத்தான். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற பிழைப்பு. அதில் பொறுமை வளரும் என்று சொன்னார்கள். எனக்குக் குரல்தான் வளர்ந்தது.

அண்ணி வேகநடை வீராங்கனை. தேசிய அணியில் வெளிநாடெல்லாம் போய் நடந்துவிட்டு வந்தவள். மற்ற நாட்களில் பார்சல் ஆபீஸில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவள். வேகநடை என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: தலைபோகிற அவசரம், ஆனால் ஓடக் கூடாது. எந்நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி, தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதைத் தாண்டுகிறவரை மடங்கக் கூடாது. பாதையோரம் நடுவர்கள் குனிந்து குனிந்து அடுத்தவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மடங்கினால் சிவப்பு அட்டை. அது ஒரு பெரிய பலகையில் அவரவர் எண்ணுக்கு எதிரே ஏறும். மூன்று ஏறினால் பாதையோரக் கூண்டில் இரண்டு நிமிடம் நின்று, மற்றவர்கள் தாண்டிப் போவதை வேடிக்கை பார்க்க வேண்டும். நான்காவது ஏறினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தப் பழக்கம் அவளை வெளியிலும் விடவில்லை. பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் ஓட மாட்டாள். ஒருநாள் தெருநாய் ஒன்று துரத்தியது. அண்ணி இடுப்பை ஆட்டிக்கொண்டு, முட்டி மடங்காமல், வேகநடையிலேயே போனாள். நாய் கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டே கூட வந்தது. பிறகு இது என்ன ஜென்மம் என்று குழம்பிப்போய் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது.

"ஓட வேண்டியதுதானே அண்ணி?" என்று கத்தினேன்.

"ஒரு தடவ ஓடிட்டா முட்டி அதையே பழகிக்கும்டி" என்றாள், மூச்சுகூட வாங்காமல்.

நாய்க்கு மடங்காத முட்டி மனுஷிக்கு மடங்கியது. அதுதான் வேடிக்கை. பந்தயத்தின் கடைசிப் பகுதியில் பின்னாலிருந்து யாராவது நெருங்கிவிட்டால் போதும், அண்ணியின் முட்டி அவள் பேச்சைக் கேட்காது. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயந்தால் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். காலுக்கும் மூளைக்கும் நடுவே அந்த நேரத்தில் யாரோ ஒயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். அண்ணிக்கும் அதே கதைதான். அடுத்தடுத்து இரண்டு போட்டிகளிலும் நான்கு நான்கு அட்டை வாங்கி வெளியே வந்தாள். முதல் தடவை வீட்டுக்கு வந்து, ஏற்கனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். இரண்டாவது தடவை அதுவும் இல்லை. அந்த வாரம் இருவரும் ரோட்டைக் கடக்கும்போது ஒரு போக்குவரத்துக் காவலர் சிவப்பு 'நில்' பலகையைத் தூக்கினார். அண்ணி முகம் வெளுத்துப்போய், "எனக்கா?" என்று கேட்டாள்.

பிறகு பயிற்சியாளர் போன் செய்தார். அடுத்து வருவது தேர்வுப் போட்டி, முதல் ஆறு பேருக்குப் பயிற்சி முகாமில் இடம், இந்தத் தடவையும் வெளியே அனுப்பப்பட்டால் அணிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அண்ணிக்கு முப்பத்துநாலு வயது. எடுத்த பெயரை யாரும் மறுபடி எழுதப் போவதில்லை.

"விடு, பாத்துக்கலாம்" என்றான் அண்ணன். அவன் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். வெள்ளம் வந்தாலும் அதைத்தான் சொல்வான்.

"நடக்கலேன்னா நான் யாருங்க? சீட்டு ஒட்டறவ" என்றாள் அண்ணி. அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தடகளச் சங்கத்திலிருந்து ஒரு மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்தார்கள். அம்மா அவருக்கு வைத்த பெயர் மனசு டாக்டரம்மா. வீடியோ காலில்தான் பேசுவார். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் அண்ணியின் மனசை ஆராய்ந்தபோது குடும்பமே காய் நறுக்கிக்கொண்டு கூட இருந்தது.

"கண்ண மூடிக்குங்க. உங்களுக்கு நிம்மதியா இருக்கற ஒரு இடத்த நினைச்சுக்குங்க. எங்க இருக்கீங்க?"

அண்ணி ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தாள். "பார்சல் ஆபீஸ் குடோன்ல."

"அப்படியா! அங்க என்ன இருக்கு?"

"யாரும் கேட்டு வராத பார்சல்."

சிக்னல் போய்விட்டதென்று அண்ணன் போனைத் தட்டிப் பார்த்தான்.

"சரி, இடம் அப்புறம் கிடைக்கட்டும்" என்றார் கடைசியில். "எதுக்குப் பயப்படறீங்களோ அத வீட்லயே பழகிடுங்க. சிவப்பு அட்டைய தினம் பாருங்க. பாத்ததும் மூச்ச விடுங்க, தோள இறக்குங்க, முட்டிய நேராக்குங்க. அது உங்களத் திட்டல, ஒரு சேதி சொல்லுது, அவ்வளவுதான். கூண்டுல நிக்கறதையும் பழகிப் பாருங்க."

"கூண்டு மட்டும் வேணாம் மேடம். அதுக்கு ஒத்திகை பாத்தா நேரா அங்கதான் போய் நிப்பேன்" என்றாள் அண்ணி. எவ்வளவு சொல்லியும் அசையவில்லை.

அந்தச் சிவப்பு அட்டையைக் காட்டுகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். அம்மா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். ஏறின உடனேயே டிக்கெட் எடுக்காதவன் கழுத்து ஜன்னல் பக்கம் திரும்புவதைக் கண்டுபிடித்துவிடுவாள். ஓய்வுக்குப் பிறகு பிடிக்க ஆளில்லாமல் துவண்டு போயிருந்தவளுக்கு மருமகளின் முட்டி கிடைத்தது. ஒரு பழைய பெயிண்ட் வாளியின் சிவப்பு மூடியைத் தேடி எடுத்தாள். மொட்டை மாடியில் அண்ணி சுற்றிச் சுற்றி நடக்க, அம்மா தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திடீர் திடீரென்று மூடியைத் தூக்குவாள். முதலில் அண்ணி ஒவ்வொரு தடவையும் அப்படியே நின்று கண் கலங்கினாள். "போதும்மா, பாவம்" என்று அண்ணன் குறுக்கே வந்தான். அவனுக்கும் அம்மா மூடியைக் காட்டினாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் தாமதமாக வந்தால் மூடி. பக்கத்து ஃப்ளாட்காரர் எங்கள் வாசலில் குப்பைப் பையை வைத்தால் மூடி. அண்ணன் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டால் மூடி. ஒரே நாளில் மூன்று வாங்கிய அண்ணனை பாத்ரூமுக்குள் இரண்டு நிமிடம் நிற்க வைத்தாள். அவனும் போய் நின்றான், அதுதான் கொடுமை.

ஆனால் ஒன்று நடந்தது. அதுவரை மாமியாரும் மருமகளும் "கேஸ் தீந்துடுச்சு அத்தை", "சரி" என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. சண்டையும் கிடையாது, சமாதானமும் கிடையாது. இப்போது மொட்டை மாடியில் ஓயாத பேச்சு. ஒருநாள் அம்மா சொன்னாள்: "முட்டி மடங்கறதுக்கு முன்னாடி உன் உதடு இடது பக்கம் கோணுதும்மா. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியா பாக்கற மாதிரி, அது முந்திக்குது."

அண்ணி ஆச்சரியப்பட்டுப் போனாள். "என் உதட்ட யாருமே பாத்ததில்ல அத்தை. எல்லாரும் முட்டியத்தான் பாப்பாங்க."

கொஞ்ச நாளில் மூடி உயர்ந்தால் அண்ணியின் மூச்சு வெளியே போகும், தோள் இறங்கும், முட்டி நேராகும். கண் கலங்குவது நின்றே போனது.

போட்டி ஒரு காலை வேளையில், போக்குவரத்தை நிறுத்திய ஒரு சாலையில். சின்ன வட்டமாகத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். நாங்கள் ஒரு வளைவுக்குச் சற்று முன்னால், கூண்டுக்கு எதிரே, இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மா துணிப்பையில் மூடியைக் கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது. இரண்டாவது சுற்றில் அண்ணியின் உதடு லேசாகக் கோணியதும், பழக்கதோஷத்தில் மூடி உயர்ந்தது. அண்ணி அமைதியாகத் தோளை இறக்கினாள். அவளைச் சுற்றி வந்த மற்றவர்கள்தான் கதிகலங்கிப்போனார்கள். ஒரு பெண் அட்டைப் பலகையைப் பார்த்துப் பார்த்துத் தடுப்பில் மோதப் போனாள். அதிகாரி ஒருவர் ஓடி வந்தார். அந்த இடத்தில் ஓட அனுமதி இருந்தது அவருக்கு மட்டும்தான்.

"யாரும்மா நீங்க? நடுவரா?"

"மாமியார்."

"மூடியக் குடுங்க."

"எத்தன பேர்கிட்ட நான் பறிமுதல் பண்ணியிருக்கேன் தெரியுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள் அம்மா.

"விடும்மா, பாத்துக்கலாம்" என்றான் அண்ணன்.

பார்த்துக்கொள்ள முடியவில்லை. பலகையில் அண்ணியின் எண்ணுக்கு எதிரே ஓர் அட்டை ஏறியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்போதும் நான்காவது இடத்தில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். பிறகு பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் விறுவிறுவென்று வந்து அவளை ஒட்டினாள். மூன்றாவது அட்டை ஏறியது. அண்ணி கூண்டுக்குள் போனாள்.

ஒத்திகை பார்க்காத ஒரே இடத்தில் போய் நிற்கிறாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கால்கள் நிற்கத் தெரியாமல் துடித்தன. ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். கூண்டுக்குப் பின்னால் உடை மாற்றும் கூடாரத்துக்குப் போகிற வழி திறந்து கிடந்தது. அண்ணி அதையே பார்த்தாள்.

"நான் போயிடறேன் அத்தை" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"போ. யாரு வேணாம்னா?" என்றாள் அம்மா. "ரெண்டு நிமிஷம் ஆனதும் போ. பஸ்ல பிடிபட்டவனையே நான் நடுவழியில எறக்கினதில்ல, அடுத்த ஸ்டாப்லதான் எறக்குவேன். அதுவரைக்கும் ஒழுங்கா நில்லு."

அண்ணிக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. நான் பாடம் நடத்துகிற குரலில் கத்தினேன்: "அண்ணி! கிளட்ச்ச மெதுவா விடுங்க!" என்ன அர்த்தத்தில் சொன்னேனோ எனக்கே தெரியாது. ஆனால் அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள், அவிழ்ந்திருந்த முடியைக் கட்டினாள். நேரம் முடிந்ததும் கூடாரத்துப் பக்கம் போகவில்லை, பாதைக்கே வந்தாள். இப்போது ஒன்பதாவது.

அதற்கப்புறம் ஒரு சுற்றில் ஒருவர், இன்னொரு சுற்றில் ஒருவர் என்று பின்னுக்குப் போனார்கள். கடைசிச் சுற்றில் அவள் ஏழாவது. ஆறாவதாகப் போகிறவளின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் ஓர் அட்டை விழுந்தால் எல்லாம் முடிந்தது. எங்களைத் தாண்டியதும் வளைவு, வளைவில் ஒரு நடுவர், குனியத் தயாராக.

"உதடு!" என்றாள் அம்மா.

பார்த்தேன். கோணிக்கொண்டிருந்தது. அம்மா பையைத் துழாவினாள். மூடி இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். சட்டென்று குனிந்து என் காலைப் பிடித்தாள். விழுந்துவிடாமல் தடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அம்மாவின் கையில் என் சிவப்பு ரப்பர் செருப்பு இருந்தது. அதை மருமகளுக்கு நேராகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. "ஐயையோ, பெரியம்மா!" என்று யாரோ கையைப் பிடிக்க வந்தார்கள். அண்ணி பார்த்தாள். கோணின உதடு அப்படியே சிரிப்பாக மாறியது. தோள் இறங்கியது, முட்டி கம்பி மாதிரி நேரானது. நடுவர் குனிந்தார், உற்றுப் பார்த்தார், ஒன்றும் கிடைக்காமல் நிமிர்ந்தார். அண்ணி சிரித்துக்கொண்டே வளைவில் திரும்பி, ஆறாவதாகப் போனவளைத் தாண்டினாள். நான் ஒற்றைச் செருப்போடு நின்று ஓவென்று அழுதேன். வெட்கமே படவில்லை.

மறுநாள் பத்திரிகையில் முதல் பரிசு வாங்கியவளின் படம் சின்னதாக ஒரு மூலையில் இருந்தது. பெரிய படம் அம்மாவுடையது. ஓங்கிய செருப்பு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற அண்ணி. கீழே இப்படிப் போட்டிருந்தார்கள்: 'விரட்டிய மாமியார், ஓடாத மருமகள்'. உறவுக்காரர்கள் வரிசையாகப் போன் செய்து அம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள்.

அண்ணி முகாமுக்குப் போன முதல் வாரம் எங்களிடம் பேசினாள். வழக்கம்போல ஃப்ரிட்ஜ் பக்கத்தில் எல்லோரும் கூடிவிட்டோம். டாக்டரம்மா அங்கே நேரிலேயே வந்து, அதே பழைய கேள்வியைக் கேட்டாராம். கண்ணை மூடிக்குங்க, நிம்மதியான இடத்த நினைச்சுக்குங்க, எங்க இருக்கீங்க?

"என்ன சொன்னீங்க? குடோனா?" என்றேன்.

"இல்லடி. ரோட்டு வளைவு, இரும்புத் தடுப்பு, அந்தப் பக்கம் எங்க அத்தை செருப்பத் தூக்கிட்டு நிக்கறாங்கன்னு சொன்னேன். 'இதுவா நிம்மதி?'ன்னு கேட்டாங்க. 'என்னையே பாத்துட்டு நிக்கறாங்கல்ல மேடம்'னேன்."

அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ தேடினாள், எதையும் எடுக்காமல் மூடினாள். அண்ணன் தன் டீயில் மூன்றாவது கரண்டி சர்க்கரையைப் போட்டான். புதிதாக வாங்கிய சிவப்பு மூடி அம்மாவின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தூக்கவே இல்லை.