இடுப்பில் செருகிய முந்தானை

சேலை கட்டிவிடுவதில் எனக்குப் பெயர் உண்டு. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் கல்யாணம் என்றால் மண்டபத்தைப் பதிவு செய்த கையோடு என்னையும் பதிவு செய்துவிடுவார்கள். ஆண்டவர் தந்த தாலந்து என்று சபையில் அடக்கமாகத்தான் சொல்வேன். ஆனால் மணப்பெண் நடந்து வரும்போது நாலு பேராவது "சாறி ஆர் கட்டிவிட்டது?" என்று கேட்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று காலை போதகர் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் சபையில் வருஷக்கணக்காகத் தேநீர் போட்டுக் கொடுத்த அக்கா இறந்துபோயிருந்தார். மாலையில் உடலைப் பார்வைக்கு வைக்க வேண்டும். உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் வேலை செய்பவர்கள் ஏதோ வீடியோவைப் பார்த்துச் சேலையைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்த ஒரே மகள், இது என் அம்மா இல்லை, பெட்டியை மூடிவிடுங்கள் என்று அழுகிறாளாம்.

"அக்கா, ஒருக்காப் போய்க் கட்டிவிடுவியளே?"

செத்தவீட்டில்கூடப் பெட்டிக்குக் கிட்டப் போகாமல், பின்வரிசையில் இருந்துவிட்டு எழும்பி வருகிற ஆள் நான். "பாஸ்ரர், எனக்கு அது சரிவராது. கலியாணப் பொம்பிளையளுக்குத்தான் கட்டிப் பழக்கம்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. "சரி அக்கா, ஜெபம் பண்ணிப்போட்டுச் சொல்லுங்கோ" என்றார். இந்த மனுஷரிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். ஜெபம் பண்ணினால் என்ன பதில் வரும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

யூனியன்வில்லில் இருக்கும் என் வீட்டிலிருந்து மலர்ச்சாலைக்குக் காரோட்டிப் போன வழியெல்லாம், "ஆண்டவரே, கை மட்டும் நடுங்கக் கூடாது" என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

மகள் கதவோரம் நின்றாள். இங்கே பிறந்து வளர்ந்தவள், சேலை கட்டத் தெரியாது. அங்கே வேலை செய்யும் பெண் உடலைத் தூக்கிப் பிடிக்க, நான் பழைய சுற்றை உருவினேன். அக்காவின் கையில் என் விரல் பட்டதும் குளிர் தோள்வரை ஏறியது. ஆனால் சேலை என் கைக்கு வந்த பிறகு பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே பெட்டி மூடியிருக்கும், ஒருவரும் பார்க்கப் போவதில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். இருந்தாலும் முன்பக்கக் கொய்யகத்தை ஒரு மடிப்பும் பிசகாமல் வைத்தேன். முந்தானையைத் தோளில் அடுக்கி, ஊசி தெரியாமல் குத்திவிட்டு விலகி நின்று பார்த்தேன். அப்படியொரு அழகு.

மகள் கிட்ட வந்தாள். திரும்பவும் அழுதாள்.

"சொறி அன்ரி. நல்ல வடிவாயிருக்கு. பட் இது அம்மா இல்லை."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பயத்தை விழுங்கிக்கொண்டு கட்டியவளுக்கு இதுதானா மரியாதை? "அப்ப அம்மா எப்பிடிக் கட்டுறவா?" என்று வெடுக்கென்றுதான் கேட்டேன்.

"அவ பின் ஒண்டும் குத்தமாட்டா. முந்தானையை அப்பிடியே சுத்தி எடுத்து இடுப்பில செருகுவா. ஒல்வேய்ஸ். தேத்தண்ணி போடேக்க நனைஞ்சிடும் எண்டு."

உண்மைதான். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கையால் தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். ஆனால் அவர் சுற்றியிருந்தது என் கண்ணுக்குக் கட்டிய சேலையாகவே பட்டதில்லை.

ஊசிகளைக் கழற்றினேன். மேலே செய்யக் கை வரவில்லை. இவ்வளவு காலமும் இழுத்து நேராக்கிப் பழகிய கை, கலைக்கச் சொன்னால் கேட்குமா? "ஆண்டவரே, நீர் தந்த கைதானே, நீரே அதை வளையும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுக்கைக் கலைத்தேன். முந்தானையைத் தோளில் சும்மா சுருக்கிப் போட்டு, முன்னால் சுற்றி எடுத்து இடுப்பில் செருகினேன். அது கொஞ்சம் பிதுங்கி நின்றது.

மகள் அந்தச் செருகலின் மேல் கை வைத்தாள். "ஹாய் அம்மா" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதில் எனக்கும் அழுகை வந்தது.

மாலையில் நானும் வரிசையில் நின்றேன், பெட்டிக்குக் கிட்டவே. வந்தவர்கள் குனிந்து பார்த்து, "தேத்தண்ணி போட வெளிக்கிட்ட மாதிரியே கிடக்கிறா" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். சேலை யார் கட்டிவிட்டது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.